கடமையைப் போதித்தவருக்கு வந்த சோதனை

மனிதன் எவ்வாறு வாழ வேண்டும் என்ற வினாவுக்குத் தத்துவஞானிகள் பல்வேறு விடைகளைத் தந்துள்ளனர். நற்குணங்களைப் பழக்கத்தினால் வளர்த்துக்கொள்வதே நல்வாழ்வு என்றார் கிரேக்கத்தின் அரிஸ்டோட்டில். ஒரு செயலினால் விளையும் இன்பத்தையும் துன்பத்தையும் கொண்டே அச்செயலை அளவிட வேண்டும் என்றார் இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம். இவ்விரு வழிகளிலிருந்தும் விலகி, கடமை உணர்வையே அறத்தின் அத்திவாரமாகக் கொண்டவர் ஜேர்மனிய தத்துவஞானி இம்மானுவேல் கான்ட். அவர் போதித்த அறம் இறுதிக் காலத்தில் அவரையே சோதித்தது.

கான்ட் 1724ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். தந்தையார் குதிரைகளுக்குச் சேணம் செய்யும் கைவினைஞர். பக்தியும் நேர்மையும் மிக்க தாயாரை 13 வயதிலேயே இழந்தார். வறுமையின் மத்தியிலும் பல்கலைக்கழகம் புகுந்த அவர், பின்னர் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். 1755 முதல் மாணவர் செலுத்திய கட்டணத்தையே பெரிதும் நம்பி விரிவுரையாற்றிய அவருக்கு, பேராசிரியர் பதவி 1770இலேயே கிட்டியது.

உலகப் புகழை ஈட்டித்தந்த பெருநூலை 1781இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 57. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1785இல், ஒழுக்கவியலின் அடிப்படைகளை ஆராயும் சிறு நூலொன்றை எழுதினார். வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என அஞ்சிச் சரியான விலைக்கு விற்கும் வணிகனின் செயல் கடமைக்கு இசைவானதே. ஆனால் அது கடமையின்பொருட்டுச் செய்யப்பட்டதன்று என்பதால், அதற்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை என்பது கான்ட்டின் வாதம். நாம் கைக்கொள்ளும் விதி எல்லோருக்கும் பொது விதியாக அமைய நாம் விரும்ப முடியுமா என்பதே அவர் காட்டிய உரைகல். எந்த மனிதரையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்பதும் அவரது போதனையாகும்.

1793இல் சமயத்தைப் பகுத்தறிவின் எல்லைக்குள் வைத்து ஆராயும் நூலை அவர் வெளியிட்டார். இது பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியத்தின் சினத்தைக் கிளறியது. 1794 ஒக்டோபரில் அரச கட்டளையொன்று கான்ட்டை வந்தடைந்தது. கிறிஸ்தவ போதனைகளைத் திரிபுபடுத்துவதாகக் குற்றஞ்சாட்டிய அக்கட்டளை, தொடர்ந்தும் அவ்வாறு செய்தால் விரும்பத்தகாத நடவடிக்கைகளுக்கு ஆளாக நேரிடும் எனவும் எச்சரித்தது.

அப்போது அவருக்கு வயது 70. தம் கருத்தைத் தவறென ஒப்புக்கொண்டால் அது பொய்யாகிவிடும். ஆணையை மீறினால் அரசுக்குக் கீழ்ப்படியாத குற்றம் சாரும். கான்ட் மூன்றாவது வழியொன்றைத் தெரிந்துகொண்டார். குற்றச்சாட்டை மறுத்த அவர், மன்னரின் விசுவாசமுள்ள குடிமகன் என்ற முறையில் சமயம் குறித்து இனிப் பகிரங்கமாகப் பேசுவதோ எழுதுவதோ இல்லையென வாக்களித்தார். சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். ஆயினும் உண்மை அனைத்தையும் பகிரங்கமாகச் சொல்லும் கடமை இல்லை என்பதே அவரது நிலைப்பாடு.

1797இல் மன்னர் காலமானார். தாம் அந்த மன்னரின் குடிமகனாகவே வாக்களித்ததாகவும், அவர் மறைந்ததும் வாக்குறுதியும் முடிவுற்றதாகவும் கருதிய கான்ட், 1798இல் அக்கடிதங்கள் இரண்டையும் தம் நூலின் முன்னுரையில் வெளியிட்டார். அவ்வார்த்தைகளைத் தாம் திட்டமிட்டே தெரிவுசெய்ததாகவும் அங்கு கூறினார். நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடங்கூடப் பொய் சொல்லலாகாது என்று முந்திய ஆண்டில்தான் எழுதிய ஒருவர், மன்னரிடம் இத்தகைய சொல் நுட்பத்தைக் கையாளலாமா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. பொய் சொல்லவில்லை என்று அவரைப் பாராட்டுவோரும் உளர். மன்னர் தவறாக விளங்கிக்கொள்ள இடமளித்தார் என்று குறைகூறுவோரும் உளர்.

அவரிடம் வேறு குறைகளும் இருந்தன. மனித மாண்பைப் போற்றிய அதே கான்ட், தம் எழுத்துகள் சிலவற்றில் இனங்களை உயர்வு தாழ்வாகத் தரப்படுத்தினார். எனினும் 1795இல் எழுதிய சமாதானம் பற்றிய நூலில், பிற தேசங்களுக்குச் சென்ற ஐரோப்பியர் அங்குள்ள மக்களுக்கு இழைத்த அநீதிகளைக் கண்டிக்கவும் அவர் தவறவில்லை.

1804 பெப்ரவரி 12ஆம் திகதி கான்ட் காலமானார். அவரது நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்டாக உள்ளது. அங்குள்ள தேவாலயத்தின் அருகே அவரது கல்லறை அமைந்துள்ளது. அவர் வகுத்த உரைகல்லில் அவரது வாழ்வையும் உரைத்துப் பார்க்க முடிகிறது. நமது மௌனங்களில் எது நேர்மையானது, எது வசதிக்கானது என்பதை அதே உரைகல்லில் நாமும் உரைத்துப் பார்ப்பதே பொருத்தமாகும்.