இரைச்சலை வென்ற மேதை

இடி மின்னல் வேளையில் மத்திய அலை வானொலியைத் திருப்பினால் பாட்டோடு கரகரப்பும் சேர்ந்தே வரும். அருகில் மிக்சி ஓடினாலும் அதே கதைதான். இந்த இரைச்சல் ஒலிபரப்பின் தீராத நோய் என்றே ஒருகாலத்தில் அறிஞர் பலர் கருதினர். அந்நோய்க்கு மருந்து கண்டவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

இவர் 1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நம்மைப் போல் இளநிலை மாணவராக இருந்த 1912ஆம் ஆண்டிலேயே, வலுவற்ற வானொலிக் குறிகளைப் பன்மடங்கு பெருக்கும் மீளூட்டச் சுற்றைக் கண்டறிந்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றிய காலத்தில், 1918இல், சூப்பர் ஹெட்டிரோடைன் ஏற்பியை உருவாக்கினார். பிற்கால வானொலிப் பெட்டிகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

ஆயினும் அவரை விடாது வருத்தியது இரைச்சலே. பழைய முறையில் ஒலிக்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு மாறுகிறது. மின்னலும் மின்பொறியும் தாக்குவதும் அதே வீச்சைத்தான். பாட்டு எது, இரைச்சல் எது என ஏற்பியால் எவ்வாறு பிரித்தறிய இயலும்? ஆம்ஸ்ட்ராங் வீச்சை மாற்றாமல் வைத்து, ஒலிக்கேற்ப அதிர்வெண்ணை மாற்றினார். வழியில் வீச்சில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலை ஏற்பியில் உள்ள வரம்பிடும் சுற்று வெட்டி எறிந்துவிடும்!

இம்முறையால் பயனில்லை என்று ஜான் கார்சன் 1922இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அக்கணக்கு பிழையன்று, ஆனால் அது குறுகிய அலைப்பட்டைக்கே பொருந்தும். ஆம்ஸ்ட்ராங்கோ பட்டையை அகலமாக்கினார். இன்றும் பண்பலை நிலையத்தின் அதிர்வெண் இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஊசலாடுகிறது. அந்த அகலமே இரைச்சலை அடக்குகிறது.

1933 டிசம்பர் 26 அன்று காப்புரிமைகள் கிடைத்தன. 1935 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அவையில், யாங்கர்ஸிலிருந்து வந்த ஒலிபரப்பில் குவளையில் நீர் ஊற்றும் ஓசையும், காகிதம் கசங்கும் ஓசையும் தெளிவாகக் கேட்டன. அவை வியந்தது.

ஆனால் வாழ்வின் இரைச்சலை வடிகட்ட அவருக்குச் சுற்று எதுவும் கிட்டவில்லை. மீளூட்டச் சுற்று வழக்கில் 1934இல் உச்ச நீதிமன்றம் லீ டி ஃபாரஸ்டுக்கே உரிமை வழங்கியது. 1945இல் அமெரிக்க அரசின் ஆணையம் பண்பலைக்குரிய அலைவரிசையை மாற்றியதால் பழைய பெட்டிகள் பயனற்றுப் போயின. 1948இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின்மீது தொடுத்த காப்புரிமை வழக்கு அவரது செல்வத்தையும் உடல்நலத்தையும் கரைத்தது. 1954 ஜனவரி 31 அன்று, தம் 63ஆம் அகவையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் தளராது வழக்குகளை நடத்தினார். 1967இல் இறுதி வழக்கிலும் வெற்றி கிட்டியது. ஆனால் அதைக் காண ஆம்ஸ்ட்ராங் இல்லை.

1977இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு நம் சென்னையில் தொடங்கியது. தெளிந்த அந்த ஒலியில் இம்மேதையின் உழைப்பு உறைந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! நூலில் உள்ள கணக்கை மதிப்போம். அது எந்த எல்லை வரை பொருந்தும் என்பதைச் சோதனைச்சாலையில் நாமே சோதித்தும் பார்ப்போம். அறிவைப் பெருக்கும் அதே வேளையில், தனித்துத் துவளும் தோழனின் தோளையும் பற்றிக்கொள்வோம்.