யார் இந்த எலியட் ஜோஸ்லின்? சுகர் கட்டுப்பாடு பற்றி அவர் சொன்னது, இறந்து 31 ஆண்டுகளுக்குப் பிறகு உறுதியானது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து பகுதி. அங்கே அமைதியான ஒரு கிராமத்தில், ஒரே தெருவில் பக்கத்து பக்கத்தில் மூன்று வீடுகள். அவற்றில் ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்த குடும்பத் தலைவர்கள், தலைவிகள் மொத்தம் 7 பேர். அதில் 6 பேரைக் கொண்டுபோனது ஒரே நோய்: சர்க்கரை நோய்.

இதுவே ஒரு தொற்றுநோயாக இருந்தால் சுகாதாரத் துறை ஓடி வந்திருக்கும். எப்படிப் பரவியது, எப்படித் தடுப்பது என்று ஊரே பேசியிருக்கும். சுகர்தானே என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1921-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் இதை எழுதிக் கேள்வி எழுப்பியவர் டாக்டர் எலியட் ஜோஸ்லின்.

யார் இவர்?

1869-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறிய ஊரில் பிறந்தவர். அப்பா காலணி தயாரிப்பாளர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1895-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1898-ல் பாஸ்டன் நகரில் சொந்தமாக பிராக்டிஸ் தொடங்கினார்.

அவருடைய சித்தப்பா, பெரியப்பா வழியில் எல்லாம் தேட வேண்டியதில்லை. பெற்ற தாய்க்கே சர்க்கரை நோய் வந்தது. அப்போது இன்சுலின் கிடையாது, மாத்திரையும் கிடையாது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியே அவர் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஜோஸ்லினுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. மாணவராக இருந்த 1893 முதலே, பார்த்த சுகர் நோயாளிகளின் விவரங்களை ஒரு பெரிய கணக்கு நோட்டில் பதிந்து வந்தார். 1916-ல் அவர் எழுதிய மருத்துவப் புத்தகம் சுமார் 1,000 நோயாளிகளின் பதிவுகளை வைத்து எழுதப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, டாக்டர்களோடு நோயாளிகளும் படிக்கும்படி ஒரு கையேடும் வந்தது. நோயாளிக்குப் புத்தகமா என்று பலரும் நினைத்த காலம் அது.

இன்சுலின் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா?

இன்சுலினுக்கு முன்பு, சுகர் வந்த குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவார்கள். கிட்டத்தட்ட பட்டினி போட்டு ஆயுளைக் கொஞ்சம் நீட்டிப்பதுதான் இருந்த ஒரே வழி. ஃபிரெட்ரிக் ஆலன் என்ற டாக்டர் கொண்டுவந்த அந்த முறையை ஜோஸ்லினும் பின்பற்றினார்.

கனடாவின் டொராண்டோ நகரில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின், 1922 ஆகஸ்ட் மாதம் ஜோஸ்லின் கைக்கு வந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நோய் குணமாகிவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனா, 15, 20 ஆண்டுகள் போனதும் வேறொரு படம் தெரிய ஆரம்பித்தது. மயக்கத்தில் சாக வேண்டியவர்கள் பிழைத்துவிட்டார்கள். அவர்களுக்கே இப்போது கண் பார்வை போகிறது, சிறுநீரகம் கெடுகிறது, கால் புண் ஆறாமல் விரலை எடுக்க வேண்டியிருக்கிறது. இன்சுலின் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் உறுப்புகளைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை.

ஜோஸ்லின் சொன்ன வழி என்ன?

சுகரை ஒருநாள், இருநாள் அல்ல, வருஷக்கணக்கில் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பதுதான். அதற்கு அவர் சொன்ன உதாரணம் மூன்று குதிரை பூட்டிய தேர். சாப்பாடு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகியவைதான் அந்தக் குதிரைகள். ஒன்று முரண்டு பிடித்தாலும் தேர் கவிழ்ந்துவிடும். கடிவாளம் டாக்டர் கையில் இல்லை, நோயாளி கையில்தான் இருக்கிறது.

டாக்டரைப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை. மற்ற நாளெல்லாம் என்ன சாப்பிடுவது, எவ்வளவு ஊசி போடுவது என்று முடிவெடுப்பது நோயாளிதானே? அதனால் வகுப்பு எடுத்தார். உணவை எடை போடுவது, ஊசி போட்டுக்கொள்வது, பாதத்தைத் தினமும் கவனிப்பது, சிறுநீரை பெனடிக்ட் கரைசலில் சூடாக்கி நிறம் பார்ப்பது எனச் சகலமும் சொல்லிக்கொடுத்தார். நிறம் நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம். நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர அனுப்பினார். 25 ஆண்டுகள் சிக்கல் இல்லாமல் சுகரோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கமும் கொடுத்தார்.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

சக டாக்டர்களிடமிருந்தே. நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்ட் டால்ஸ்டாய் போன்றவர்கள் 1940-களில் வேறு கருத்தை முன்வைத்தார்கள். எடை குறையவில்லை, தாகம் இல்லை, ஆள் தெம்பாக இருக்கிறார் என்றால், சிறுநீரில் கொஞ்சம் சர்க்கரை போனால் என்ன? அதற்காக ஏன் வாழ்நாள் முழுக்க தராசும் கையுமாக அலையணும்?

இந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. ஜோஸ்லினின் ஒழுங்குமுறை கடுமையானது. சொன்னபடி எல்லாம் செய்தும் சிக்கல் வந்தவர்கள், தப்பு நம்முடையதோ என்று மனம் நொந்துபோக இடம் இருந்தது. எதிர்த்தரப்பை வாயடைக்க ஜோஸ்லினிடம் முறையான ஆய்வு ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது அந்தக் கணக்கு நோட்டும், பல்லாண்டு அனுபவமும்தான்.

சொந்த ஊரில் என்ன தெரிந்தது?

1946-47-ல் அவர் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 3,500-க்கும் மேற்பட்டோருக்குப் பரிசோதனை. 70 பேருக்குச் சுகர் இருந்தது. அதில் 40 பேருக்கு ஏற்கனவே தெரியும். மீதி 30 பேருக்கு அன்றுதான் தெரியவந்தது. அறிகுறி இல்லை என்பதால் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அந்த ஊரே சாட்சியானது.

கடைசிவரை வேலையை விடாத ஜோஸ்லின், 1962 ஜனவரியில் 92 வயதில் காலமானார். விவாதம் அப்போதும் முடியவில்லை.

விடை எப்போது கிடைத்தது?

அவர் காலத்தில் இல்லாத ஒரு கருவி பிறகு வந்தது. அதுதான் எச்பிஏ1சி, அதாவது நாம் சொல்லும் மூணு மாச சுகர் டெஸ்ட். ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முந்தைய நாள் மட்டும் ஸ்வீட்டைத் தவிர்த்து இதை ஏமாற்ற முடியாது.

இதை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 நோயாளிகள் 1,441 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. எச்பிஏ1சி சுமார் 9 சதவீதம். இன்னொரு பிரிவினருக்குத் தீவிரக் கட்டுப்பாடு; சுமார் 7 சதவீதம். 1993-ல் முடிவு வெளியானது. தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில், தொடக்கத்தில் விழித்திரை நன்றாக இருந்தவர்களுக்கு அது பாதிக்கப்படும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரக, நரம்புப் பாதிப்புகளும் வெகுவாகக் குறைந்தன. டைப் 2 நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வும் 1998-ல் இதே திசையைக் காட்டியது.

அப்போ, எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதா?

இல்லை. அதே 1993 ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குச் சுகர் ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்குவது சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அதனால்தான் இன்று எல்லோருக்கும் ஒரே இலக்கு வைப்பதில்லை. பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு. வயதானவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கும் டாக்டர் அதைத் தளர்த்திச் சொல்வார்.

ஆய்வு முடிந்த பிறகும் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில ஆண்டுகளில் இரு பிரிவினரின் எச்பிஏ1சி-யும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் முன்பு நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பாதிப்பு குறைவாகவே இருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் எடுத்த அக்கறையின் பலன், பல வருஷம் கழித்தும் உடம்பில் தங்கியிருக்கிறது. ஜோஸ்லின் தன் கணக்கு நோட்டை நம்பிச் சொன்னதும் இதைத்தான்.