ஜோன் எவர்ஷெட் (1864 - 1956)

மாணவர்களே, பகலில் தொழில் புரியும் ஒருவர், பகலில் மட்டுமே தெரியும் சூரியனை எவ்வாறு ஆராய்வார்? எவர்ஷெட்டின் வாழ்க்கை இதற்கு விடை தருகின்றது.

இங்கிலாந்தின் சறே பகுதியிற் பிறந்த இவர், இலண்டனில் எண்ணெய், இரசாயனப் பொருள்களைப் பகுப்பாய்வு செய்யும் நிறுவனமொன்றிற் பணியாற்றினார். 1890 இல் கென்லி என்னுமிடத்திற் சொந்த அவதானிப்பு நிலையம் அமைத்தார். வேலை போக எஞ்சிய நேரத்தில், சூரிய விளிம்பில் எழும் வாயுச் சுவாலைகளை ஆராய்ந்தார். சூரிய ஒளியின் ஒரு நிறத்தை மட்டும் பிரித்துப் புகைப்படம் எடுக்கும் கருவியையும் தாமே அமைத்துக்கொண்டார்.

இத்தேர்ச்சியே 1907 இல் அவரை இன்றைய தமிழ்நாட்டிலுள்ள கொடைக்கானல் அவதானிப்பு நிலையத்திற்கு அழைத்துச் சென்றது. உங்கள் மடுல்கெல்லவைப் போல அதுவும் மலைப்பிரதேசமே. 1909 சனவரியில் சூரிய களங்கமொன்றின் நிறமாலையைப் புகைப்படமெடுத்தபோது, அதன் கோடுகள் சற்று இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். களங்கத்தின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதே இதற்குக் காரணமென விளக்கினார்.

1911 முதல் 1923 வரை அந்நிலையத்தின் பணிப்பாளராக விளங்கினார். ஓய்வுபெற்று நாடு திரும்பிய பின்னரும் சொந்த நிலையம் அமைத்துச் சூரியனை ஆராய்ந்தார். கொடைக்கானற் புகைப்படங்கள் இன்றும் ஆய்வுக்கு உதவுகின்றன.

நினைவிற் கொள்க:
- களங்கத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்தல் "எவர்ஷெட் விளைவு" எனப்படும்.
- சூரியனை வெறுங்கண்ணாலோ, தகுந்த வடிகட்டியற்ற தொலைகாட்டியாலோ ஒருபோதும் பார்க்கலாகாது.