வருமான வரியை எதிர்த்துப் பதவி இழந்த மெட்ராஸ் கவர்னர்: யார் இந்த ட்ரெவெல்யன்?

சம்பளத்துல வரி பிடிச்சா நமக்குக் கோபம் வரும். 1860-ல் அதே வரியை எதிர்த்த ஒரு கவர்னருக்கு வேலையே போச்சு!

அவர் சார்லஸ் ட்ரெவெல்யன் (1807-1886). லண்டன் கருவூலத்தில் 19 ஆண்டுகள் கெடுபிடியான அதிகாரி. அரசு வேலைக்கு சிபாரிசு வேண்டாம், தேர்வு வைங்க என்று சொன்ன 1854 அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர். 1859-ல் மெட்ராஸ் கவர்னரானார். கொள்ளிடக் கரையின் திருமழபாடியும் அப்போது இந்த மாகாணத்தில்தான் இருந்தது.

1857 கிளர்ச்சியால் கஜானா காலி. கல்கத்தாவில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன், நாட்டின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 2%, 500-க்கு மேல் 4%. நில வருமானமும் தப்பவில்லை.

ட்ரெவெல்யன் கேட்டது ஒன்றுதான்: ராணுவச் செலவைக் குறைக்காமல் புது வரி எதுக்கு? அதோடு நிற்காமல், தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டார். லண்டன் உடனே அவரைத் திரும்ப அழைத்தது.

கதை முடியல. 1863-ல் வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்புக்கு வந்தார். 1865-ல் அந்த வரி காலாவதியானது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1840-களின் அயர்லாந்து பஞ்சத்தில் நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவரும் இவரே. அங்கே சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். சிக்கனம் நல்லதுதான். எதில் கைவைக்கிறோம் என்பதுதான் கேள்வி.