கோப்பை சுமந்த வக்கீல்

கோகினூர் வைரத்துக்குக்கூட இத்தனை அலைச்சல் இருந்திருக்காது, தோழர்களே! கப்பலேறிக் கடல் கடந்தது, சர்வாதிகாரியின் எதிரே காட்சிக்கு நின்றது, போர்க்காலத்தில் செருப்புப் பெட்டிக்குள் புகுந்து கட்டிலடியில் ஒளிந்து கிடந்தது, களவு போனது, நாயொன்று மோப்பம் பிடித்து மீட்டது, மறுபடியும் களவு போனது. போனது போனதுதான்! உயரம் 35 சென்டிமீட்டர், எடை 4 கிலோவுக்கும் குறைவு, வெள்ளியிலே செய்து தங்க முலாம் பூசியது. அதுதான் உலகக் கால்பந்துக் கோப்பை. அந்தக் கோப்பைக்குப் பெயர் தந்தவர் ஜூல்ஸ் ரிமே. பந்தை உதைத்துப் பெயர் வாங்கியவர் அல்லர். கோட்டும் தொப்பியுமாக நடமாடிய ஒரு வக்கீல்.

1873 அக்டோபர் 14-ல் கிழக்குப் பிரான்சிலே தெலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மளிகைக் கடைக்காரர். பதினோராவது வயதிலே பாரிஸ் சேர்ந்து, படித்து, வக்கீலானார். அந்தக் காலத்துப் பாரிசில் விளையாட்டுச் சங்கம் என்றால் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் சங்கம் என்று பொருள். ரிமே 1897-ல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். எந்த வகுப்பைச் சேர்ந்தவனும் வரலாம், வாசலிலே குலம் கோத்திரம் கேட்கமாட்டோம் என்பது அதன் விதி. சங்கத்தின் பெயர் ரெட் ஸ்டார், அதாவது சிவப்பு நட்சத்திரம்!

பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். ருசியப் புரட்சிக்கு 20 ஆண்டு முந்திய பெயர் அது. ஒரு கப்பல் கம்பெனியின் பெயரிலிருந்து எடுத்தது என்பார்கள். ரிமே பொதுவுடைமைக்காரர் அல்லர். தொழிலாளர் நிலை குறித்துப் போப் 13-ம் லியோ 1891-ல் விடுத்த மடலைப் படித்து உள்ளம் இளகிய கத்தோலிக்கர். எங்கிருந்து இளகினால் என்ன, இளகியதே பெரிது!

முதல் உலகப் போரிலே களம் சென்று வீரப்பதக்கத்தோடு திரும்பியவர், 1921-ல் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தலைவரானார். 33 ஆண்டுகள் அந்த நாற்காலியை விடவில்லை. நம் ஊர் பஞ்சாயத்துத் தலைவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்!

அப்போது உலகக் கால்பந்துக்கு இருந்த பெரிய மேடை ஒலிம்பிக். அங்கே ஒரு சட்டம்: காசு வாங்கி ஆடுபவனுக்கு இடமில்லை, ஆட்டம் தூய்மையானது, அதிலே பணவாடை வீசக்கூடாது. கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் இந்தத் தூய்மை யாருக்குக் கட்டுப்படியாகும்? கனவானுக்கென்ன, ஞாயிறும் ஞாயிறுதான், திங்களும் ஞாயிறுதான். ஆலையிலே வேலை செய்பவன் ஒரு மாதம் வெளிநாடு சென்று ஆடினால் ஒரு மாதச் சம்பளம் போச்சு. வீட்டிலே அடுப்பு எரியாது. ஆட்டத்துக்குச் சம்பளம் வேண்டாம், இழந்த கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்று ஒரு கோரிக்கை எழுந்தது. இந்தச் சின்னஞ்சிறு கோரிக்கையைக்கூடப் பொறுக்கமாட்டாமல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துச் சங்கத்தார் 1928-ல் ஃபிஃபாவை விட்டு வெளியேறினார்கள். 1946-ல்தான் திரும்பி வந்தார்கள். உழைப்பவன் இழந்த கூலியைக் கேட்டால் கனவான்கள் அத்தனை ஆண்டு கோபித்துக்கொள்வார்கள் போலும்!

ரிமே கூலிக்காரன் பக்கம் நின்றார். கூலி வாங்குபவனும் வாங்காதவனும் ஒரே களத்தில் ஆட, ஒலிம்பிக்கைச் சாராத உலகப் போட்டி ஒன்று வேண்டும் என்றார். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மாநாடு அதை ஏற்றது. எங்கே நடத்துவது? உருகுவே கை தூக்கியது. 20 லட்சத்துக்கும் குறைந்த மக்கள். ஆனால் 1924, 1928 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற நாடு. அந்த அணியின் தலைவர் நாசாசி சலவைக்கல் வேலை செய்தவர். பாரிஸ் வாய்பிளந்து பார்த்த ஆந்திராதே கறுப்பர். பயணச் செலவும் தங்கும் செலவும் எங்களுடையவை, வாருங்கள் என்றது உருகுவே.

சோறு போட்டு, சத்திரத்தில் இடம் கொடுத்து, வண்டிச் சத்தமும் தருகிறேன் என்றால் நாமென்றால் குடும்பத்தோடு புறப்பட்டிருப்போம். ஐரோப்பா புறப்படவில்லை! போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்வரை ஓர் அணிகூடப் பெயர் கொடுக்கவில்லை. ரிமே படியேறிப் படியிறங்கிக் கெஞ்சியதில் பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா ஆகிய நான்கே நான்கு இசைந்தன. ருமேனியாவின் கதை தனிக்கதை. ஆட்டக்காரர்களுக்கு முதலாளிகள் லீவு தர மறுத்தார்கள். கரோல் என்பவர் 1930 ஜூனிலேதான் அந்நாட்டு அரியணை ஏறியிருந்தார். புது மன்னர் தலையிட்டு லீவு வாங்கிக் கொடுத்தார். ஒரு தொழிலாளிக்கு லீவு கிடைக்க ஒரு மகுடம் தேவைப்பட்டது, பாருங்கள்!

கோந்தே வெர்தே என்னும் கப்பல் மூன்று ஐரோப்பிய அணிகளையும் வழியிலே பிரேசில் அணியையும் ஏற்றிக்கொண்டு சென்றது. ரிமேயும் அதிலேதான். அவர் பெட்டிக்குள்ளே சிற்பி ஆபேல் லாஃப்ளேர் வடித்த வெற்றித் தேவதை, அதாவது கோப்பை. ஏறத்தாழ இரண்டு வாரப் பயணம். கப்பல் தளத்திலேயே ஓட்டமும் பயிற்சியும். போய்ச் சேர்ந்தால் பெரிய மைதானம் கட்டி முடியவில்லை! முதல் சில ஆட்டங்களை வேறிடத்தில் நடத்தினார்கள்.

வந்தது 13 அணிதான். இறுதி ஆட்டம் 1930 ஜூலை 30. உருகுவேயும் அர்ஜென்டினாவும், ஆற்றின் இக்கரையும் அக்கரையும். யாருடைய பந்தை உதைப்பது என்பதிலேயே சண்டை! முற்பாதிக்கு அவர்கள் பந்து, பிற்பாதிக்கு இவர்கள் பந்து என்று பஞ்சாயத்து ஆயிற்று. அர்ஜென்டினா பந்தில் அர்ஜென்டினா 2-1 என முந்தியது. உருகுவே பந்தில் உருகுவே 4-2 என்று முடித்தது. கடைசிக் கோல் அடித்த காஸ்திரோ, சிறுவயதிலேயே மின்ரம்பத்துக்கு ஒரு முன்கையைப் பறிகொடுத்தவர். உருகுவேயில் மறுநாள் பொது விடுமுறை. அர்ஜென்டினாவிலே உருகுவே தூதரகத்தின்மேல் கல்வீச்சு. நாடுகளை நண்பர்களாக்கப் புறப்பட்ட ரிமேயின் முதல் அறுவடை இது!

1934-ல் போட்டி இத்தாலிக்குப் போயிற்று. அங்கே முசோலினி. நடுவர் யார், ஆட்டக்காரர் யார், விருந்துக்கு அழைத்தவர் யார் என்று விளங்காதபடி எங்கும் அவர் முகமே. ரிமேயின் கோப்பை அவருக்குப் போதவில்லை. தன் பெயரால் பல மடங்கு பெரிய கோப்பையொன்று செய்து பக்கத்திலே நிறுத்தினார். இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த மறு ஆட்டத்தை நடத்திய சுவிஸ் நடுவரை அவருடைய நாட்டுச் சங்கமே பின்னர் தள்ளிவைத்தது. எவ்வளவு அழகான தீர்ப்பு வழங்கியிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கோப்பை இத்தாலிக்கே. முந்திய ஆட்டத்தில் வென்ற உருகுவேயோ, எங்கள் வீட்டுக்கு நீங்கள் வரவில்லை, உங்கள் வீட்டுக்கு நாங்கள் வரவில்லை என்று இருந்துவிட்டது.

இங்கேதான் ரிமேயை நாம் விட்டுக்கொடுக்க முடியாது, விட்டுவிடவும் முடியாது. ஆட்டம் வேறு, அரசியல் வேறு என்று நம்பியவர் அவர். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் கைநீட்டி வணக்கம் வைத்த ஆட்டக்காரர்களைக் கண்ணெதிரே பார்த்தும் அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லையே! உழைப்பாளிக்காகத் திறந்த கதவு வழியே சர்வாதிகாரி உள்ளே வந்தபோது நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ரிமே தடுக்கவில்லை.

1938-ல் பிரான்சிலே நடந்த போட்டி இதற்கு வட்டி கட்டிற்று. தகுதி பெற்றிருந்த ஆஸ்திரியா என்னும் நாட்டையே அந்த மார்ச்சில் இட்லர் விழுங்கிவிட்டார். நாடே இல்லையென்றால் அணி ஏது? எதிரே ஆடவேண்டிய சுவீடன் பந்தைத் தொடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஆஸ்திரியாவின் பெயர்பெற்ற வீரர் சிண்டெலர் ஜெர்மன் அணியிலே ஆடவே இல்லை. ஆட வைத்த மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டும் ஜெர்மனி முதல் சுற்றிலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றது! உலகக் கோப்பையிலே ஆடிய முதல் ஆசிய அணி வந்ததும் அந்த ஆண்டுதான். ஆனால் இந்தோனேசியா என்ற பெயரில் அல்ல, டச்சுக் கிழக்கிந்தியா என்ற அடிமைப் பெயரில்.

பிறகு போர். கோப்பை வென்றிருந்த இத்தாலியில் அது ரோம் வங்கியிலே இருந்தது. கால்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த பராசி, வங்கியிலிருந்து அதை எடுத்துவந்து செருப்புப் பெட்டியில் வைத்துக் கட்டிலடியில் தள்ளினார். முசோலினி செய்த பெரிய கோப்பையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1946-ல் கோப்பைக்கு ரிமேயின் பெயர் வைத்தார்கள்.

1950, பிரேசில். போட்டியிட வேண்டிய பர்மா முதலானோர் விலகிக்கொள்ள, ஆடாமலே தகுதி பெற்ற நாடு எது தெரியுமா? இந்தியா! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பலர் வெறுங்காலோடு ஆடி, ரிமேயின் பிரான்சிடம் 1-2 என்றுதான் தோற்ற அணி. சாரங்கபாணி ராமன் அடித்த கோல் அந்த ஒன்று. அப்படிப்பட்ட அணி பிரேசிலுக்குப் போகவில்லை. பூட்சு போடச் சொன்னதால் போகவில்லை என்பது திண்ணைக் கதை. ஆட்களைத் தேர்வதிலே தகராறு, பயிற்சிக்கு நேரமில்லை என்பதே சங்கத்தார் சொன்ன காரணம். உலகக் கோப்பை என்பது ஒலிம்பிக்கைவிடப் பெரிதாகும் என்று அன்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜூலை 16. மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 2 லட்சம் மக்கள். சமநிலையில் முடித்தாலே கோப்பை பிரேசிலுக்கு. பிரேசிலை வாழ்த்தப் போர்த்துகீசிய மொழியிலே ஒரு சொற்பொழிவு எழுதி ரிமே சட்டைப்பையில் வைத்திருந்தார். ஆட்டம் 1-1 என்றிருக்கையில், பரிசளிப்புக்கு ஆயத்தமாக மேலிருந்து இறங்கினார். படிகளைக் கடந்து களத்துக்கு வருவதற்குள் வெளியே ஓசை அடங்கிவிட்டது. 79-வது நிமிடத்தில் கிக்யா அடித்த கோல் 2 லட்சம் வாய்களைப் பூட்டிவிட்டது. பேண்டு இல்லை, மரியாதை அணிவகுப்பு இல்லை, மேடை இல்லை. 76 வயது முதியவர் கூட்டத்தின் நடுவே கோப்பையும் கையுமாகத் திண்டாடி, உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவைத் தேடிப்பிடித்து, கையிலே கொடுத்துக் கைகுலுக்கினார். சொற்பொழிவு பையிலேயே இருந்தது.

அந்த வரேலா யார்? 1948-ல் உருகுவே ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதன் முன்வரிசையில் நின்றவர்! இழந்த கூலிக்காக எழுந்த தகராறிலிருந்து பிறந்த கோப்பை, வேலைநிறுத்தக்காரன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வாழ்த்துரை இல்லாமல் போனாலும் ரிமே கொடுத்த கோப்பைகளிலே இதைவிடப் பொருத்தமானது இன்னொன்று இல்லை என்பேன்.

1954-ல் பெர்ன் நகரில் மேற்கு ஜெர்மனியின் பிரிட்ஸ் வால்டரிடம் கோப்பையைக் கொடுத்ததே அவருடைய கடைசிக் கோப்பை. அந்த ஆண்டே பதவியும் முடிந்தது. 1956 அக்டோபர் 16-ல், 83 வயது நிறைந்த இரண்டாம் நாள், பாரிசை அடுத்த சுரேனில் காலமானார்.

கோப்பை அடங்கவில்லை. 1966 மார்ச்சில் லண்டன் தபால்தலைக் கண்காட்சியிலிருந்து களவு போயிற்று. பெரிய பெரிய துப்பறிவாளர்களெல்லாம் தேட, ஒரு வாரம் கழித்து வேலியோரத்தில் செய்தித்தாளிலே சுற்றிக் கிடந்ததைக் கண்டெடுத்தது பிக்கிள்ஸ் என்னும் நாய். 1970-ல் மூன்றாம் முறை வென்ற பிரேசிலுக்கு அது நிரந்தரச் சொத்தாயிற்று. ரியோவிலே முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு துளைக்காத கண்ணாடி போட்ட அலமாரியில் வைத்தார்கள். பின்பக்கம் மரப்பலகை! 1983 டிசம்பரில் திருடர்கள் பின்பக்கமாக வந்தார்கள். 1974 முதல் வழங்கப்படும் புதுக் கோப்பைக்கு எந்த மனிதர் பெயரும் வைக்கவில்லை.