சிறைக்குள்ளிருந்து ஜனாதிபதி தேர்தலில் நின்ற யூனியன்காரர்



கிளைக் கூட்டங்களுக்குப் போகும்போது சிலர் நம்மைக் கேட்பதுண்டு. சம்பளம், போனஸ், லயத்துக்குத் தண்ணீர் என்று பேச வேண்டிய யூனியன்காரர்களுக்கு, எங்கேயோ நடக்கிற சண்டையைப் பற்றி என்ன பேச்சு என்று. கேள்வி நியாயமானதுதான். இதற்குப் பதிலாக இந்த வாரம் ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் யூஜின் டெப்ஸ். அமெரிக்காக்காரர். 1926-ல் மறைந்தவர்.

இந்தியானா மாநிலத்தில் டெர்ரே ஹோட் என்ற ஊரில் 1855-ம் ஆண்டு நவம்பர் 5-ம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிறிய மளிகைக்கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். டெப்ஸ் பதினான்கு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டார். ரயில்வே பட்டறையில் எஞ்சின்களின் பழைய சாயத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை. நாள் முழுக்கச் சுரண்டினால் 50 காசு. பிறகு ஓடுகிற எஞ்சினில் நெருப்புக்கு எரிபொருள் அள்ளிப் போடும் வேலை. கொதிகலன் வெடித்தும் தண்டவாளத்தில் அடிபட்டும் ஆட்கள் சாவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். மகன் உயிரோடு வீடு திரும்புவானா என்று தாய் பயந்தார். தாய் சொல் கேட்டு 1874-ல் அந்த வேலையை விட்டார்.

வேலையை விட்டாலும் வேலையாட்களை விடவில்லை. அடுத்த ஆண்டே எஞ்சின் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர் ஆனார். பின்னர் நாடு முழுவதற்கும் செயலாளர், சங்கப் பத்திரிகையின் ஆசிரியர். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் வேலைநிறுத்தத்தை விரும்பாதவர். முதலாளியோடு நயமாகப் பேசினால் காரியம் நடக்கும் என்று நம்பியவர். ஆனால் ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. எஞ்சின் ஓட்டுபவனுக்கு ஒரு சங்கம், நெருப்புப் போடுபவனுக்கு ஒரு சங்கம், பெட்டி மாட்டுபவனுக்கு ஒரு சங்கம். ஒருவன் நிறுத்தினால் மற்றவன் ஓட்டுவான். இப்படி இருந்தால் என்றைக்கு ஜெயிப்பது?

ஆகவே 1893-ல் ரயில்வேயில் எந்த வேலை செய்பவரும் சேரக்கூடிய ஒரே சங்கத்தைச் சிகாகோ நகரில் தொடங்கினார். ஓராண்டுக்குள் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்திலும் ஒரு கறை உண்டு. கறுப்பினத் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் வாதாடினார். 1894 மாநாட்டில் ஓட்டு எடுத்தபோது, சொற்ப வித்தியாசத்தில் அது தோற்றது. ஒற்றுமை பேசிய சங்கம் கதவைப் பாதி சாத்தி வைத்தது. அதனால் பலம் குறைந்தது சங்கத்துக்குத்தான்.

அதே ஆண்டு வந்தது புல்மன் போராட்டம். இதை நம் தோட்டத்து மக்கள் கேட்டால் நம்ம கதை மாதிரியே இருக்கிறதே என்பார்கள். புல்மன் என்பவர் ரயிலில் படுக்கை வசதியுள்ள பெட்டிகளைச் செய்த பெரிய முதலாளி. சிகாகோ பக்கத்தில் தொழிற்சாலையும் அதைச் சுற்றி ஓர் ஊரையும் கட்டினார். வீடு அவருடையது, கடை வீதி அவருடையது, கோயில் கட்டடமும் அவருடையது. தொழில் மந்தமானதும் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டினார். வீட்டு வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை. வாடகை பிடித்தது போக, கையில் வந்தது பிள்ளைகளின் வயிற்றுக்குப் போதவில்லை. முறையிடப் போன சிலருக்கு வேலை போயிற்று. 1894 மே மாதம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள்.

அவசரப்பட வேண்டாம், பேசிப் பார்ப்போம் என்றுதான் டெப்ஸ் முதலில் சொன்னார். முதலாளி பேச மறுத்தார். அதன்பின் புல்மன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் தொடமாட்டோம் என்று சங்கத்தார் முடிவெடுத்தார்கள். சிகாகோவிலிருந்து மேற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் நின்றன. தபால் போக்குவரத்து கெட்டது என்று மத்திய அரசு காரணம் காட்டியது. தலைவர்கள் போராட்டத்தை ஊக்கப்படுத்தித் தந்தி அடிக்கக்கூடாது என்றுகூட கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. மாநில கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும், ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்தை அனுப்பினார். பலர் சுடப்பட்டு மாண்டார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது பட்டாளம் வந்த கதையை நம் பாட்டன் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். சம்பளம் கேட்டவனுக்குத் துப்பாக்கி காட்டுவது ஒரு தேசத்துக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல.

சங்கம் உடைந்தது. கோர்ட்டு உத்தரவை மீறியதாக டெப்சுக்கு ஆறு மாதச் சிறை. உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. சிறையில் நிறையப் படித்தார். முதலாளி, கோர்ட்டு, பட்டாளம் மூன்றும் ஒரே பக்கம் நின்றதைக் கண்ணால் கண்டவருக்கு, சங்கம் மட்டும் போதாது, அரசியலும் வேண்டும் என்று பட்டது. சோஷலிஸ்டு ஆனார். 1900-லிருந்து 1912 வரை நான்கு முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றார். 1912-ல் ஏறக்குறைய ஒன்பது லட்சம் ஓட்டு வாங்கினார். ஜெயிக்கவில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய், பாட்டாளிக்கும் நாட்டு நடப்பில் வாய் உண்டு என்று காட்டினார்.

இனி யுத்தத்துக்கு வருவோம். 1914-ல் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. அமெரிக்க வங்கிகள் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் கடன் கொடுத்தன. தொழிற்சாலைகள் ஆயுதம் விற்றன. ஜனாதிபதி வில்சன் நாட்டைப் போரில் மாட்டாமல் காத்தவர் என்று அவர் கட்சி பிரசாரம் செய்து, 1916 நவம்பரில் மறுபடி ஜெயித்தது. ஐந்து மாதம்தான். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்ததைக் காரணம் காட்டி, 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தது. மே மாதம் கட்டாய ராணுவச் சேவை. ஜூன் மாதம் வேவுத் தடைச் சட்டம்.

சட்டத்தின் பெயரைப் பார்த்தால் எதிரி நாட்டு வேவுக்காரனைப் பிடிக்க என்று தோன்றும். ஆனால் படைக்கு ஆள் சேர்ப்பதைத் தடுப்பதாக யார் பேசினாலும் இருபது ஆண்டுவரை உள்ளே தள்ளலாம் என்று அதில் இருந்தது. 1918-ல் அதை இன்னும் இறுக்கி, அரசாங்கத்தைத் தூற்றிப் பேசுவதையே குற்றமாக்கினார்கள். போரை எதிர்த்த பத்திரிகைகளைத் தபாலில் எடுக்க மறுத்தார்கள். சுமார் இரண்டாயிரம் பேர்மீது வழக்குப் பாய்ந்தது. எலிக்கு வைத்த பொறியில் வீட்டுக் கோழி மாட்டிய கதைதான். மாட்டியவர்களில் பலர் யூனியன்காரர்கள், சோஷலிஸ்டுகள், போர் பிடிக்காத சாதாரண ஜனங்கள்.

1918 ஜூன் 16. ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர். டெப்சுக்கு அப்போது 62 வயது, உடம்பும் சரியில்லை. மேடைக்குப் போகுமுன் பக்கத்துச் சிறைக்குப் போனார். கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்ததற்காக மூன்று தோழர்கள் அங்கே அடைபட்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு நேராகப் பூங்காவுக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினார். யுத்தத்தை அறிவிப்பவர்கள் மேலே இருப்பவர்கள், போய்ச் சாகிறவர்கள் கீழே இருப்பவர்கள், சாகப் போகிறவனை யாரும் சம்மதம் கேட்பதில்லை என்பதுதான் போரைப் பற்றி அவர் சொன்னதன் சாரம். கூட்டத்தில் அரசாங்கத்தின் ஆள் சுருக்கெழுத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். டெப்சுக்கு இது தெரியாமல் இல்லை.

இரண்டு வாரத்தில் கைது. செப்டம்பரில் விசாரணை. தம் பக்கத்துக்குச் சாட்சி யாரையும் அவர் அழைக்கவில்லை. பேசியதை மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பத்தாண்டுத் தண்டனை, ஓட்டுரிமையும் போயிற்று. யாரையும் அடித்தாரா, குண்டு வைத்தாரா, ரகசியத்தை விற்றாரா? ஒன்றும் இல்லை. பேசினார், அவ்வளவுதான். 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலாகத் தண்டனையை உறுதி செய்தார்கள். பேச்சுரிமை எழுதி வைத்த நாட்டில், யுத்தம் என்ற ஒரு சொல் வந்ததும் எழுத்து மங்கிப் போயிற்று. இத்தனைக்கும் சண்டை 1918 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதில் மாண்ட அமெரிக்கர் சுமார் 1,16,000 பேர்.

அட்லாண்டா சிறையில் அவர் எண் 9653. அந்த எண்ணோடுதான் 1920-ல் ஐந்தாம் முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றார்! கைதி உடையில் இருக்கும் படத்தைப் போட்டுத் தோழர்கள் ஓட்டுக் கேட்டார்கள். ஊர்வலம் இல்லை, மேடை இல்லை. அப்படியும் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கைதிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

விடுதலை செய்யலாம் என்று அதிகாரிகளே எழுதியும் வில்சன் மறுத்துவிட்டார். அடுத்து வந்த ஹார்டிங், 1921 கிறிஸ்துமஸ் நாளில் விடுவித்தார். டெப்ஸ் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஆரவாரம் செய்து வழியனுப்பினார்கள். சிறையில் கெட்ட உடம்பு பிறகு தேறவே இல்லை. 1926 அக்டோபர் 20-ம் தேதி, எழுபது வயதில் கண் மூடினார். 1976-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவருடைய குடியுரிமையை மீட்டுக் கொடுத்தது. செத்து ஐம்பது வருஷம் கழித்து! தூற்றிப் பேசுவதைக் குற்றமாக்கிய திருத்தத்தை 1920 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் 1917-ன் மூலச் சட்டம் இன்னும் அங்கே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

தோழர்களே, முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். யுத்தம் வந்தால் பட்டாளத்துக்குப் போவது யார் வீட்டுப் பிள்ளை? அரிசி விலை ஏறினால் யார் அடுப்பு அணையும்? வாயைக் கட்டும் சட்டம் வந்தால் முதலில் கட்டப்படுவது, சம்பளம் கேட்கும் வாய்தான். ஆகவே அது நமக்கும் உரிய பேச்சு.

இன்னொன்றும் மனத்தில் நிற்கிறது. அன்று டெப்ஸ் மேடைக்குப் போகுமுன் சிறைக்குப் போனார். நமக்காகப் பேசி ஒருவர் வேலை இழந்து நின்றால், கிராணி பார்ப்பார், துரை கோபிப்பார் என்று அந்த வீட்டுப் பக்கமே போகாதவர்கள் நம்மிடையே உண்டு. மேடை ஏறி முழங்க எல்லோராலும் முடியாது. ஆனால் அந்த வீட்டு வாசலுக்குப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்க எல்லோராலும் முடியும். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது.