சிறையில் தவித்தவர், அகதிகளுக்குத் தந்தையானார்



நோயாளிக்கு மருந்து வேண்டும். அடைபட்டிருக்கும் நோயாளிக்கு மருந்தோடு இன்னொன்றும் வேண்டும்: தன்னை யாரும் மறந்துவிடவில்லை என்ற உறுதி. இதைத் தம் வாழ்விலேயே உணர்ந்தவர் இயேசு சபையின் முன்னாள் உலகத் தலைவர், இறை ஊழியர் பேத்ரோ அருப்பே அடிகளார்.

1907 நவம்பர் 14 அன்று ஸ்பெயின் நாட்டின் பில்பாவோவில் பிறந்தார். மத்ரித்தில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டு 1927-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1936-இல் குருவானார். 1938-இல் ஜப்பான் சென்றார்.

1941 டிசம்பரில் போர் மூண்டது. வெளிநாட்டவரான அடிகளாரை உளவாளி என்று சந்தேகித்து, யமகுச்சியில் கைது செய்தனர். சிறிய அறை, ஒரு பாய், கடுங்குளிர், தனிமை. என்ன குற்றம், எப்போது விடுதலை என்று சொல்வாரில்லை. கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலி நிறைவேற்ற இயலாமல் தவித்தபோது, சிறைக்கு வெளியே மெல்லிய பாடல் கேட்டது. அவருடைய பங்கு மக்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் வந்திருந்தார்கள்! 33 நாள்களுக்குப் பின் விடுதலையானார்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. நகருக்கு வெளியே நாகட்சுகாவில் இருந்த தம் நவதுறவியர் இல்லத்தை மருத்துவமனையாக்கி, 150-க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார். போரிக் அமிலமும் அன்றைய மருத்துவப் படிப்புமே கையிருப்பு.

1965-இல் சபைத் தலைவரானார். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பியோரின் துயரம் அவரை உலுக்கியது. 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அப்பணி பின்னாளில் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்கும் வந்தது. பல நாடுகளில் குடியேற்றத் தடுப்பு மையங்களுக்குள்ளும் சென்றது. 1981 ஆகஸ்டில் பாங்காக்கில் அகதிகள் பணியாளர்களைச் சந்தித்துத் திரும்பியவர், ரோமையில் இறங்கியதும் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். ஏறக்குறைய பத்தாண்டுகள் பிறர் கையை நம்பியே வாழ்ந்து, 1991 பிப்ரவரி 5 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அவரது வாழ்வு நமக்குத் தொலைவானதல்ல. மருங்காபுரி அமைந்துள்ள இதே திருச்சி மாவட்டத்தில், கொட்டப்பட்டு சிறப்பு முகாமில் வெளிநாட்டவர் அடைத்து வைக்கப்படுகின்றனர். 2021 ஆகஸ்டில் அங்கு விடுதலை கேட்டுப் போராடிய இலங்கைத் தமிழர் பலர் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடலுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. ஆனால் நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் நொறுங்கும் மனத்திற்கு மருந்து எது? தேவைப்படும் வேளையில் மருத்துவர், தம் மொழியில் பொறுமையாகக் கேட்கும் மனநல ஆலோசகர், விடுதலை குறித்த தெளிவான பதில் ஆகியவை சலுகைகள் அல்ல. மனித மாண்புக்கு உரியவை.

யமகுச்சியின் எளிய பங்கு மக்களால் சிறைக் கதவைத் திறக்க முடியவில்லை. ஆயினும் சுவருக்கு வெளியே வந்து நின்றார்கள். நம் செபத்திலும், மன்றாட்டிலும், அதிகாரிகளிடம் நாம் வைக்கும் வேண்டுகோளிலும் கொட்டப்பட்டில் இருப்போருக்கு இடம் உண்டா? சிந்திப்போம்.